கண்ணை மூடி நீந்திய மனுஷன்

நெய்வேலி ஏரித் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மாசத்தில், எந்தக் கரையில், எத்தனை ஆழத்தில் என்று திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். கரையில் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் ஏரியைப் பற்றிப் பேசக் கூடாது. நான் அதில் நீந்தியவள். என் வீட்டுக்காரருக்கு அதில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். அதனால் பேசுகிறேன்.

அறுபதுகளின் முதல் பாதி அது. அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியில் புகை வர ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக அதை இறைத்துக் கொட்டாவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அவ்வளவு ஆழத்திலிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் சூடாக இருக்கும். அதில் ஒரு பங்கு பெரிய குழாய் வழியாக ஏரியில் வந்து விழும். குழாய் விழுகிற இடத்தை எல்லாரும் 'வாய்' என்போம்.

சித்திரை வைகாசியில் ஏரி முழுக்கவே சூடுதான். மேலே கஞ்சித் தண்ணீர் பதம், இடுப்புக்குக் கீழே போனால் திடீரென்று சில்லென்று காலை வெட்டும். புதிதாக இறங்குகிறவர்கள் அங்கேதான் பயந்து கத்துவார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் செம்மண்ணாக வந்து சேரும். அப்போது எந்தப் பக்கம் இறங்கினாலும் குளிர். கிழக்குக் கரைக் கோரையிலிருந்து கொடி வேறு நீண்டு வந்து காலைச் சுற்றும். மார்கழி, தையில்தான் ஏரி இரண்டாகப் பிரியும். வாயில் விழுகிற வெந்நீர் மேலாகவே மிதந்து, ஒரு சந்து அகலத்துக்கு ஏரிக்குள் நீண்டு போகும். அந்தச் சந்துக்குள் நீந்தினால் உடம்புக்கு அவ்வளவு சுகம். ஒரு கை இப்படி அப்படி விலகினால் பல் கிட்டிவிடும்.

நான் காடாம்புலியூர்ப் பக்கம். முந்திரிக் கொல்லைக்கு நடுவில் பெரிய கிணறு, நாலு அண்ணன்மார். நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு என்னையும் கிணற்றில் தூக்கிப் போட்டு நீந்த வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கம்மாபுரத்துக்கு மேற்கே மேட்டுக்காட்டு ஆள். அவர்கள் ஊரில் தண்ணீர் என்றால் குடத்தில் பார்த்ததுதான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் டவுன்ஷிப் ஓரத்தில் கீற்றுக் கொட்டகையில் இருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயசு. அந்த வருஷத்து மழையில் கொட்டகை ஒழுகி, பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கார்த்திகையில் பிடித்த இருமல் மார்கழியிலும் விடவில்லை. இருமி இருமி வாந்தி எடுத்துவிட்டு என்னைப் பார்க்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும். யார்மேல் என்று தெரியாது, எல்லார்மேலும்தான்.

மார்கழி நடுவில் ஒரு நாள் அவர் ஷிப்ட் முடிந்து வரும்போதே முகம் பூரித்திருந்தது.

"ஏ புள்ள, ஏரிக்கு ரெண்டு காவல்காரன் எடுக்கறாங்க. பெர்மனென்ட். குவாட்டர்ஸும் உண்டாம். பேரு குடுத்துட்டு வந்துட்டேன்."

ஏரியில் எருமைகள் இறங்கிக் கோரையில் மாட்டிச் செத்து மிதந்ததிலிருந்து, காவலுக்கும் கொடி அறுக்கவும் ஆள் வேண்டும் என்று பேச்சு இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் முகத்தில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா, சொல்லு" என்றேன்.

"நீச்சல் தெரியுமான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. தெரியுங்கன்னு சொல்லிக்கினு வந்துட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "அடப்பாவி மனுஷா! முழங்கால் தண்ணில நிக்கச் சொன்னா மூச்சு வாங்குவியே! ஒன் வாயி சும்மா இருக்கலியா?"

"தை மாசந்தான் பரீட்சை. மூணு வாரம் இருக்குது. நீ சொல்லிக்குடு."

சொல்லிக்கொடு என்று அவர் கேட்ட தினுசைக் கேட்டால், ரசம் வைக்கச் சொல்லிக்கொடு என்கிற மாதிரி இருந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துக் கொட்டகை அக்கா எட்டிப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஒளிவு மறைவு கிடையாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏளா, ஏசிக்கிட்டு நிக்கறியே, நாளு ஓடிரும்லா? பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு மனுசனக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

மறுநாளே போனோம். மத்தியான ஷிப்ட் உள்ளே போன பிறகு மூணு மணி வாக்கில் ஏரிப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. நான் புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினேன். வெளியில் நாலு பேர் முன்னால் அவரை 'என்னங்க' என்பேன். தண்ணீருக்குள் அதெல்லாம் முடியாது. மூச்சு முட்டுகிற ஆளிடம் மரியாதையை எங்கே வைத்துக்கொள்வது?

அவருக்குப் பெரிய சங்கடம் கண்தான். தண்ணீர் முகத்தில் பட்டதும் இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொள்வார். திறக்கச் சொன்னால் கை கால் நின்றுவிடும், மனுஷன் கல்லாக இறங்கிவிடுவார். நாலு நாள் போராடினேன். அதட்டினேன், கெஞ்சினேன், ஒரு நாள் முதுகில் ஓங்கி அறையவும் செய்தேன். கண் திறக்கவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் ஒன்று கவனித்தேன். வெந்நீர்ச் சந்துக்குள் இருக்கிற வரைக்கும் அவருக்குப் பயம் இல்லை. சூடு பட்டால் உடம்பு தானாகத் தளர்ந்து மிதக்கிறது. குளிர்ந்த பக்கம் விலகினால், கண்ணை மூடிக்கொண்டே, சூடு இருக்கிற பக்கம் திரும்பிவிடுகிறார்.

பரீட்சை எப்படி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாய்க்குப் பக்கத்துப் படியில் இறங்கி, ஏரிக்குள் மிதக்கிற தார் பீப்பாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். அந்தப் பீப்பாய் சந்து போகிற வழியில் நேராக இருந்தது. நான் ரொம்பக் கெட்டிக்காரி இல்லையா? உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"கண்ணத் தொறக்கவே வேணாம். சூட்டப் புடிச்சிக்கினே போ. கையில பீப்பா தட்டும். திரும்பு. சூடு ஏறிக்கினே வரும். ஏற ஏற கரை கிட்ட வருதுன்னு அர்த்தம்."

அடித்துக்கொண்டு போனார் பாருங்கள்! போய், தொட்டு, திரும்பி வந்து படியில் தலையை முட்டிக்கொண்டு எழுந்து நின்று, கண்ணைத் திறந்து, "தொட்டனா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மூணு வாரமும் அதே மாதிரிதான். ஒரு நாள்கூடக் கண் திறந்து நீந்தவில்லை. நானும் விட்டுவிட்டேன். குழாய் நிற்கவே நிற்காது, சுரங்கம் இருக்கிற வரைக்கும் வாய் சுடும் என்று எனக்கு அத்தனை உறுதி. டவுன்ஷிப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பரீட்சை தை மாசத்து ஒரு காலையில். ஏரி மேல் பனி இன்னும் முழுக்க விலகவில்லை. பரீட்சைக்கு மூன்று பேர். அவர்களைக் கயிறு கட்டிப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க முப்பது நாற்பது பேர் கரையில். ஏதாவது ஆகிவிட்டால் வீசுவதற்கு ஊதிய லாரி டியூப் ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு தொப்பையும் தொந்தியுமாக ஒரு ஆள். அவர் வீசினால் அது அவர் காலடியில்தான் விழும்.

சூப்பர்வைசர் நூலில் கட்டிய தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு எடுத்து, உற்றுப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டார். தினம் காலையில் அவர் செய்கிற வேலை அது. என் காலைக் கேட்டால் நான் சொல்லமாட்டேனா என்று நினைத்துக்கொண்டு நானும் கடைசிப் படியில் இறங்கிக் காலை விட்டேன்.

பச்சைத் தண்ணீர். ஐஸ் மாதிரி.

குழாய்ப் பக்கம் பார்த்தேன். வாயிலிருந்து சொட்டுக்கூட விழவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கேட்டதற்கு, "நேத்து ராத்திரியே திருப்பி வுட்டுட்டாங்கம்மா. இந்த வாய்ல சேந்த மண்ணத் தூர் வாரணுமாம். இப்ப தண்ணி அந்தாண்ட போவுது" என்று கிழக்கே கை காட்டினார். கோரைக்குப் பின்னாலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

எருமைகள் செத்த பக்கம் அது. ஆழம் அங்கேதான் அதிகம், கொடியும் அங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு சூட்டைத் தேடுகிற மனுஷனை நான் பழக்கி வைத்திருக்கிறேன். சூடு இப்போது அங்கே இருக்கிறது.

கயிற்றுக்குப் பக்கத்தில் ஓடினேன். சூப்பர்வைசர் தடுத்தார். "அங்கயே நில்லும்மா. யாரும் கிட்ட வரக் கூடாது."

"ஐயா, தண்ணி மாறிப்போச்சுங்க..."

"தண்ணி எங்கேர்ந்து வந்தா உனக்கென்ன? நீயா நீந்தப் போறே?"

என்ன சொல்ல முடியும்? இவர் கண்ணை மூடிக்கொண்டு நீந்துகிற ஆள், வெந்நீரில்தான் மிதப்பார் என்றா சொல்வது? சொன்ன அந்த நிமிஷமே பெயரை அடித்துவிடுவார். எட்டி நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏங்க, தண்ணி சில்லுனு இருக்குதுங்க!" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. "நீ வேணா அடுப்பு மூட்டிக் குடும்மா" என்றான் ஒருத்தன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்து, சரி சரி என்று கையை ஆட்டினார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

முதல் ஆள் இறங்கினார். திரும்பிக் கரைக்குப் பக்கத்தில் வரும்போது குளிரில் கை சோர்ந்துவிட்டது. கரையில் நின்ற அவருடைய அண்ணன் இடுப்புத் தண்ணீர் வரை இறங்கிக் கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டு ஏறினார். சூப்பர்வைசர் அப்போதே பெயரை அடித்தார். "கரையிலேர்ந்து ஒரு கை நீண்டாலும் சரி, ஒரு கால் எறங்கினாலும் சரி, அவ்வளவுதான். இன்னொரு வாய்ப்பு கிடையாது. எல்லாருக்கும் சொல்றேன்." இரண்டாம் ஆள் போனார், தொட்டார், வந்தார். ஒரு இடம் போயிற்று. மிச்சம் ஒன்று.

என் வீட்டுக்காரர் இறங்கினார். தண்ணீர் பட்டதும் தோள் ஒடுங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். பாதி தூரம் வரை நேராகத்தான் போனார், பழக்க தோஷம். பிறகு தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பியது. தேடுகிறார். எனக்கு மட்டும் தெரிகிறது அது. கிழக்கேயிருந்து வெந்நீரின் ஓரம் அவர் தோளில் பட்டிருக்க வேண்டும். உடம்பு தளர்ந்தது. கை ஒழுங்காக விழ ஆரம்பித்தது. நிம்மதியாகக் கிழக்கே திரும்பினார்.

பீப்பாய் அவருக்கு இடது பக்கமாகத் தள்ளிப்போயிற்று.

"எங்க போறான் இவன்?" என்றார் சூப்பர்வைசர். டியூப்காரர் டியூபைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

நான் தார்பாய்ச்சிக் கட்டிவிட்டேன். எப்போது கட்டினேன் என்று தெரியாது. கடைசிப் படியில் நிற்கிறேன். குதித்தால் இருபது முப்பது கையில் அவரைப் பிடித்துவிடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

குதிக்கவில்லை.

இதை நான் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என் கண்ணில் தெரிந்தது அவர் இல்லை, குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, வீட்டுக்குள்ளேயே குழாய், சிமெண்டுத் தரை. மழை பெய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக நகர வேண்டாம். கால் ஒன்று தண்ணீரில் பட்டால் அத்தனையும் போயிற்று. இன்னும் நாலு கை போகட்டும், அப்புறம் குதிக்கலாம் என்று எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவர் கோரையை நெருங்கினார். இன்னும் நாலு கை. மறுபடி எண்ணினேன். கை நடுங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்று இரண்டு கையையும் மார்போடு கட்டி அக்குளில் செருகிக்கொண்டேன்.

மூன்று என்று எண்ணும்போது அவர் தலை உள்ளே போயிற்று.

கூட்டம் 'ஐயோ' என்றது. யாரோ ஒரு பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதும் நான் குதிக்கவில்லை. நாலு என்று எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன். அதை எண்ணி முடித்த பிறகும் ஒரு நொடி நின்றேன்.

தலை மேலே வந்தது. இருமினார். கொடி காலைச் சுற்றியிருக்க வேண்டும், உடம்பு ஒரு பக்கமாக இழுத்தது. முகம் கரைப் பக்கம் திரும்பியது. கண் திறந்திருந்தது. அவ்வளவு தூரத்திலும் அவர் என்னைத் தேடுவதும், கண்டுபிடிப்பதும் எனக்குத் தெரிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு காலை உதறினார். ஒரு தரம், இரண்டு தரம். விடுபட்டது. சுற்றிலும் பார்த்தார், பீப்பாய் இருக்கும் இடத்தைப் பார்த்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குளிர்ந்த தண்ணீருக்குள் திரும்பி, பீப்பாய்க்கு வந்து ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுக் கரைக்கு நீந்தினார். முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு. நான் நாலு நாள் அடித்தும் திட்டியும் வராதது வந்துவிட்டது.

படியேறி நின்றபோது உதடு நீலமாக இருந்தது. சூப்பர்வைசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்யா, பீப்பாயத் தொடச் சொன்னா கோரைக்குள்ள போய் முங்கிப் பாத்துட்டு வர்றியா? பெரிய வீரனா நீ?" என்றார். பிறகு, "கொடி அறுக்கற வேலைக்குப் பயப்படமாட்டான் இவன்" என்று சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார். கூட்டம் கை தட்டியது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டகைக்கு வந்து கம்பளியைப் போர்த்தி, சுடச்சுடக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். பிள்ளை அவர் மடியில் ஏறிக்கொண்டது. பக்கத்து அக்கா வெல்லம் கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டாள். அவர் பாதிக் கஞ்சி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. ஏன் குதிக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். திட்டட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

"செத்தோம்னுதான் நெனச்சேன்" என்றார். "கண்ணத் தொறந்தேன். ஒன்னத் தேடினேன். நீ ஒரு பயமும் இல்லாம, கையக் கட்டிக்கினு, கல்லு மாதிரி நின்னுகினு இருந்த. தண்ணி தெரிஞ்சவ. நான் செத்துப் பூடுவேன்னு இருந்தா இவ இந்நேரம் குதிச்சிருக்க மாட்டாளா? இவளே நிக்கறான்னா நம்மளால முடியும்னு தோணிச்சி. அப்பதான் காலே வந்தது. நீ மட்டும் ஒரு காலத் தண்ணில வச்சிருந்தா, அவ்ளோதான், நான் கைய வுட்டுட்டிருப்பேன்."

அக்கா மூக்கைச் சிந்தினாள். "பாத்தியாளா, இதுல்லா நம்பிக்கை!" என்றாள்.

"என்மேல அவ்ளோ நம்பிக்கை ஒனக்கு, இல்ல?" என்றார் அவர்.

"ஆமா" என்றேன்.

அடுத்த மாசம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பிள்ளையின் இருமல் நின்றது. அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த ஏரிக்குத்தான் காவல். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வார். சம்பந்திகளிடம் சொன்னார், மருமகனிடம் சொன்னார், ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது ஊசி போட வந்த நர்ஸ் பெண்ணிடமும் சொன்னார். "இவ நின்னதாலதான் நான் பொழச்சேன்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.